வௌவால் வீட்டில் விருந்து, டாக்ஸிக்கு மொய்

முதலில் டாக்ஸி கதையைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் வௌவாலைப் பற்றி நிம்மதியாக எழுத வராது. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ரயில் நிலையத்திலிருந்து வுட்செஸ்டர் மாளிகைக்குப் போக 20 பவுண்ட். திரும்பும்போது அதே ஆள், அதே கார், 35! கேட்டால் ராத்திரி ரேட்டாம். கும்மிருட்டில் காட்டோரம் நின்றுகொண்டு பேரமா பேச முடியும்? கொடுத்துத் தொலைத்தேன். லண்டனுக்குக் கடைசி ரயிலும் போய்விட்டதால் ரூம் வாடகை வேறு.

சரி, மாளிகை. மேலே இறக்கிவிட்டால் கிட்டத்தட்ட ஒரு மைல் காட்டுவழியில் இறங்க வேண்டும். வில்லியம் லீ என்பவர் 1850களில் கட்டத் தொடங்கியது, 1873-ல் அவர் இறந்தபோதும் முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் அந்தரத்தில் கணப்படுப்பு தொங்குகிறது, அதற்குத் தளமே போடவில்லை! வளைவுக்கு அடியில் அன்றைக்கு முட்டுக் கொடுத்த மரச்சட்டம்கூட இன்னும் இருக்கிறது. நம் ஊரில் கடன் வாங்கி பாதியில் நிற்கும் வீடுகள் ஞாபகத்துக்கு வந்தன, என்ன, இதற்குப் பார்க்க டிக்கெட்.

மனுஷன் குடியேறாத வீட்டில் குடியேறியவை பெரிய லாட வௌவால்கள். மூக்கைச் சுற்றிக் குதிரை லாடம் மாதிரி தோல் மடிப்பு, கத்துவதும் மூக்கால்தான். 1950களிலிருந்தே இவற்றை ஆராய்கிறார்கள். கேமரா வழியாகக் கூரைக்கடியில் காட்டினார்கள்: இறக்கையைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு தாய்களும் குட்டிகளும் தொங்குகின்றன. வருஷத்துக்கு ஒரே குட்டியாம்.

ஒன்பது மணிக்கு மேல், வெளிச்சம் போகப்போக, வழிகாட்டி அம்மா எல்லார் கையிலும் வௌவால் கத்துவதை நமக்குக் கேட்கும்படி மாற்றித் தரும் டிடெக்டர் ஒன்றைக் கொடுத்து, இவை கத்தும் 82 கிலோஹெர்ட்ஸில் வைக்கச் சொன்னார். நம் காது 20-ஐத் தாண்டாது. முதலில் வெறும் இரைச்சல். நான் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன், அப்போது பார்த்து கையிலிருந்த பெட்டி குழறிக் குழறிப் பாட ஆரம்பித்தது, யாரோ தண்ணீருக்குள்ளிருந்து விசிலடிக்கிற மாதிரி! தலைக்கு மேலே ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. இறக்கையை விரித்தால் ஒன்றேகால் அடி இருக்கும், எடையோ 30 கிராம் இருந்தால் பெரிது. சாதம் கீழே கொட்டியதை டிடெக்டரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுத உட்கார்ந்தேன், வௌவாலிலேயே முடிந்துவிட்டது. கார் வைத்திருக்கும் நண்பர் யாரையாவது பிடியுங்கள். டார்ச், ஸ்வெட்டர் இரண்டும் வேண்டும், ஜூலையிலும் குளிருகிறது.