வால் அடியில் வெள்ளை

பெப்ரவரி 4
வால் அடியில் வெள்ளையான எலியைத் தேடி 40 பொறி வைத்தோம். 40ம் காலி.

பெப்ரவரி 5
17ஆம் பொறியில் மூஞ்சூறு. விட்டுவிட்டோம். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பெப்ரவரி 6
சுட்ட தேங்காய் வாசனை கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோறு சாப்பிட்டாலும் பொறிதான் நினைவு.

எலியை ஆராயும் மிஸ் இன்று கதை சொன்னார். இந்த எலியை 1929இல் விவரித்து எழுதியவர் பிலிப்ஸ் என்ற தேயிலைத் தோட்டத் துரையாம். ராட்டஸ் ஒஹியென்சிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார். எங்கள் ஒஹிய ஸ்டேஷன் பெயர்! அப்புறம் 1981இல் மசர் என்பவர் மண்டையோட்டையும் பல்லையும் பார்த்து, இது ராட்டஸ் பேரினமே இல்லை என்று தனிப் பேரினமாக்கினாராம்: ஸ்ரீலங்காமிஸ். அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான். இந்தத் தீவின் மலைக்காட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. நான் 26 வருஷமாக இங்கேதான் இருக்கிறேன், தோட்டத்து லயத்து வீட்டில் விளக்குமாற்றால் அடித்த எலிகளைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

துரை எழுதினார், சரி. பிடித்துக் கொடுத்தது யார்? துரை புதருக்குள் கையை விட்டிருப்பாரா? அந்த ஆளின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். மிஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெப்ரவரி 7
மழை. அட்டை. தம்பி சொல்கிறான், டொக்டர் இன்னும் வரவில்லையாம்.

பெப்ரவரி 8
31ஆம் பொறியில் எலி! துணிப்பைக்குள் விட்டுப் பார்த்தால் வால் அடியிலும் கறுப்பு. அது இல்லை. ஸ்டேஷன் வளைவில் நின்று அம்மாவுடன் பேசினேன். "எலிக்கெல்லாம் உத்தியோகமா?" என்று இருமிக்கொண்டே கேட்டார்.

பெப்ரவரி 9
நாளைக்கு ஒப்பரேஷன் என்கிறார்கள். போன கிழமையும் அப்படித்தான் சொன்னார்கள்.

பெப்ரவரி 10
17ஆம் பொறி.

முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. வாலின் மேல்பக்கம் கருமை, அடிப்பக்கம் வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டதுபோல. பைக்குள் என் விரலைக் கடிக்கவில்லை, ஆனால் அதன் நெஞ்சு அடிப்பது துணி வழியாகத் தெரிந்தது. எடை பார்த்து, அளந்து, பிடித்த இடத்திலேயே விட்டோம். ஒரு கணம் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டு நெலுப் புதருக்குள் போய்விட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டும். கையில் அந்தத் துடிப்பு இன்னும் இருக்கிறது.

பெப்ரவரி 11, காலை 5.40
ராத்திரி ஒரு கணம் சிக்னல் வந்திருக்கிறது. தம்பி இரண்டு தரம் அழைத்ததாகக் குறுந்தகவல். பொறிகளைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு இறங்குகிறேன்.

இல்லை, முதலில் ஸ்டேஷன்.