கசியும் சால்டர் இணைப்பை வெளியிலிருந்து அடைக்க முடியுமா?

செப்புக் குழாயின் இணைப்பு ஒன்றில் நீர் துளிர்க்கத் தொடங்கினால், அந்த இடத்தைச் சூடாக்கி மேலே இன்னும் கொஞ்சம் சால்டரை (குழாய்களை இணைக்க உருக்கி ஊற்றும் உலோகக் கலவையை) உருக்கி வைத்துவிடலாம் என்ற எண்ணமே பலருக்கும் முதலில் தோன்றுகிறது. இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இணைப்பின் உறுதி வெளிவிளிம்பில் தெரியும் வளையத்தில் இல்லை; குழாயின் வெளிச்சுவருக்கும் எல்போ என்னும் வளைவுத் துண்டு அல்லது கப்ளிங் என்னும் நேர் இணைப்புத் துண்டின் உட்சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளிக்குள், நுண்புழை ஈர்ப்பால் இழுக்கப்பட்டுப் பரவிய சால்டரில்தான் இருக்கிறது. உலோகம் சுத்தமாக இருந்தால் மட்டுமே அது அப்படிப் பரவும். ஏற்கெனவே கசிந்த இடைவெளியிலோ ஈரமும் ஆக்சைடு படலமும் கருகிய ஃபிளக்ஸும் (சால்டர் ஒட்டுவதற்காக உலோகத்தில் தடவும் பசை) தங்கியிருப்பதால், புதிதாக வைக்கும் சால்டர் உள்ளே போகாமல் மேலே உருண்டு நின்றுவிடுகிறது.

எனவே இணைப்பைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்கும் முன்னால், குழாயில் நீர் அறவே இருக்கக்கூடாது என்பதை இந்த வேலையின் பாதி என்றே சொல்வேன். வெள்ளீயமும் சிறிதளவு செம்பும் கலந்த ஈயமற்ற சால்டர் ஏறத்தாழ 227 பாகை செல்சியஸில் உருகுகிறது. நீரோ 100 பாகையிலேயே கொதித்து, நாம் கொடுக்கும் வெப்பத்தையெல்லாம் ஆவியாகக் கொண்டுபோய்விடுவதால், மெல்லிய ஒழுக்கு இருந்தாலும் செம்பு தேவையான சூட்டை எட்டுவதில்லை. தப்பித் தவறி எட்டினாலும், உருகிய சால்டரைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் நீராவி ஊசித்துளை ஒன்றை விட்டுச் செல்லும். ஆகவே வால்வை மூடி, தாழ்வான இடத்திலுள்ள திருகுகுழாயைத் திறந்து நீரை வடித்து, காற்று புகுவதற்காக மேலே ஒரு திருகுகுழாயையும் திறந்து, வேலை முடியும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும். வால்வு முழுமையாக மூடவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்வதே முறை.

சூடாக்கிக் கழற்றிய பிறகு பழைய எல்போவை மறுபடி பயன்படுத்துவதைவிடப் புதியதைப் பொருத்துவதே நல்லது. குழாய் முனையில் உருகிய நிலையிலுள்ள சால்டரைக் கையுறையுடன் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஆறியதும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இரு பரப்புகளிலும் ஃபிளக்ஸை மெல்லியதாகத் தடவ வேண்டும். சுடரைச் சால்டர் கம்பியின் மேல் காட்டாமல் எல்போவின் மேல் காட்டி, கம்பியை எதிர்ப்புறத்தில் இணைப்பின் வாயில் தொட்டுப் பார்க்க வேண்டும். உலோகத்தின் சூட்டிலேயே அது உருகினால்தான் இணைப்பு தயார் என்று பொருள். ஃபிளக்ஸ் கறுத்துப் புகைந்தால் சூடு மிஞ்சிவிட்டது; அப்போது மீண்டும் கழற்றிச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நீளச் சால்டர் கம்பி போதும். இறுகும்வரை குழாயை அசைக்கக்கூடாது.

பக்கத்தில் வேறு சால்டர் இணைப்பு இருந்தால் அது இளகாதபடி ஈரத் துணியைச் சுற்றிவிடலாம். பின்னால் மரச்சட்டம் இருக்குமானால் தீத்தடுப்புப் பாயை விரித்து, வாளியில் நீரும் வைத்துக்கொண்ட பிறகே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். சுடரை அணைத்த பின்னும் அந்த மரத்தைச் சிறிது நேரம் கவனித்திருக்க வேண்டும். அதற்கும் இடமில்லாத நெருக்கத்தில், நெருப்பே தேவைப்படாத, நட்டை இறுக்கிப் பொருத்தும் கம்ப்ரஷன் இணைப்பைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை. குடிநீர்க் குழாய்களுக்கு ஈயம் கலந்த சால்டரைத் தொடவே வேண்டாம். அமெரிக்கா 1986இலேயே அதற்குத் தடை விதித்தது.

ஆறிய இணைப்பில் எஞ்சிய ஃபிளக்ஸ் செம்பை அரித்துப் பச்சையாக்கும் என்பதால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, வால்வை மெதுவாகத் திறந்து, உள்ளே தங்கிய ஃபிளக்ஸ் வெளியேறும்படி நீரைச் சற்று நேரம் ஓடவிட வேண்டும்.