ராணியின் பின்னங்கால்

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணமும் இல்லை, ஊர்வலமும் இல்லை. சௌகார்பேட்டை மாப்பிள்ளைகளைச் சுமக்கும் குதிரை ராணி, கொண்டித்தோப்பில் பாய் வீட்டுச் சந்தில் சும்மா நிற்கிறாள். வரையலாமா என்று கேட்டேன். "வரைஞ்சிக்கோ தம்பி, பின்னாடி மட்டும் போய் நிக்காதே" என்றார் பாய்.

சார்கோலில் பதினொரு படம். ஒன்றும் சரியில்லை. கண் நிற்கிற குதிரையைப் பார்க்கிறது, கையோ காலண்டரில் பாய்ந்து ஓடும் குதிரையைப் போடுகிறது.

ஜூலை 21, திங்கள்

இன்று பின்னங்கால் மட்டும்தான். முட்டி பின்பக்கமாக மடிவதுபோல இருக்கிறதே, அந்த இடத்தில்தான் எப்போதும் கோடு பொய்யாகிவிடும். அது முட்டியே இல்லை, கணுக்கால். முட்டி மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. குளம்பு, ஒரே ஒரு விரலின் நகம். ராத்திரி வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று பார்த்தேன். அப்புறம்தான் கோடு வந்தது.

ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் இதற்காக 18 மாதம் செத்த குதிரைகளை அறுத்து அறுத்து வரைந்தார். 1766-ல் வெளியான அந்தப் படங்களை இன்றைக்கும் பார்த்துப் படிக்கலாம்.

ஜூலை 23, புதன்

சாயங்காலம் நல்ல மழை. ராணி நனைந்ததும் நிறமே மாறிவிட்டது. வெள்ளை ரோமம் உடம்போடு ஒட்ட, அடியில் இருக்கும் கறுப்புத் தோல் தெரிந்தது. மூக்கைச் சுற்றிலும், கண் ஓரத்திலும், தொடை இடுக்கிலும் ஈயப் பாத்திரத்தின் நிறம். இவளைப் போன்ற குதிரைகள் கருநிறமாகப் பிறந்து, வயது ஏற ஏறத்தான் வெளுக்கும். இத்தனை நாள் தாளை வெறுமையாக விட்டு வெள்ளை காட்டிக்கொண்டிருந்தேன். இன்று முதலில் முழுக்கச் சாம்பல் பூசி, வெளிச்சம் பட்ட இடத்தை மட்டும் ரப்பரால் எடுத்தேன். முதுகு உருண்டு வந்தது. சந்தோஷத்தில் டீ குடிக்கவே மறந்துபோனேன்.

ஜூலை 26, சனி

குதிரை நின்றபடியே கண் அசரும். ஒரு பின்னங்காலைப் பூட்டிக்கொண்டு, மற்றதைத் தளர்த்திக் குளம்பு நுனியை மட்டும் தரையில் ஊன்றும். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றும். அதை வரையத்தான் காத்திருந்தேன். ராணி மாற்றவே இல்லை.

பழைய தாள்களைத் திண்ணையில் பரப்பினேன். திங்கள், புதன், இன்று. எல்லாவற்றிலும் தளர்ந்திருப்பது இடது கால்தான். பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பேசாமல் குனிந்து, குளம்பைத் தூக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடா இருக்கே தம்பி."

ஜூலை 28, திங்கள்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். குளம்புக்குள் சீழ். லாடத்தைக் கழற்றி, கீறி, மருந்து வைத்துக் கட்டினார்கள். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டதும் பாய் என்னைப் பார்த்தார். 21-ஆம் தேதி தாளில் இருந்தது. 19-ஆம் தேதியைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை. அன்று பதினொரு படம் போட்டும் நான் அவளைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. மதியம் மூன்று மணிக்குக் கண்ணை மூடினாள். பாய் கொள்ளு வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். இடது கால் அழுத்தமாக ஊன்றியிருக்க, வலது குளம்பு மெல்ல எழும்பி நுனியில் நின்றது. ஒரே தாளில் நான்கு தடவை வரைந்தேன்.