அரத்தால் வளர்ந்த எய்பார்

வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், எகோ ஆறு ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது எய்பார். மக்கள்தொகை சுமார் 27,000. சமதளம் அரிது என்பதால் பட்டறைகளும் மாடிமேல் மாடியாக எழுந்தன, வீடுகளோடு தோள் உரசிக்கொண்டு. மேல்தளத்தில் லேத் ஓட்டினால் தரையின் அதிர்வு வேலைப்பாட்டில் தெரியும். ஆனால் வேறு வழி இல்லை.

பல நூற்றாண்டுகளாக இது துப்பாக்கி ஊர். குழல் செய்பவர் ஒருவர், விசைப்பூட்டு செய்பவர் ஒருவர், மரக்கட்டை செதுக்குபவர் ஒருவர், மற்ற உதிரிகளுக்கு இன்னொருவர் என்று கைவினைஞர்கள் நான்கு சங்கங்களாகப் பிரிந்திருந்தார்கள். பொருந்தாத இடத்தை, பாகங்களைக் கோக்கும் ஃபிட்டர் அரத்தால் ராவிச் சேர்ப்பார். அதனால் ஒவ்வொரு துப்பாக்கியும் அழகாகவே அமைந்தது, ஆனால் அதன் பாகங்கள் அதற்கு மட்டுமே பொருந்தும்.

இதன் விலை முதல் உலகப்போரில் தெரிந்தது. பிரெஞ்சு ராணுவம் ரூபி என்ற 7.65 மி.மீ. கைத்துப்பாக்கியை 1915-இல் மாதம் 10,000 கேட்டது. சில மாதங்களிலேயே அது 30,000 ஆனது. ரூபியைத் தயாரித்த கபிலோந்தோ நிறுவனத்தால் தனியே முடியாது. வேலை ஐம்பதுக்கு மேற்பட்ட பட்டறைகளுக்குப் பரவியது. எல்லோரிடமும் மாதிரி இருந்தது; அளவைச் சரிபார்க்கும் பொதுவான கேஜ் இல்லை.

ரூபியில் பிடியின் அடியிலுள்ள கொக்கிதான் மேகசினின், அதாவது தோட்டாப் பெட்டியின், அடித்தகட்டைத் தாங்கும். எனவே அடித்தகட்டிலிருந்து மேல் உதடுவரை உள்ள உயரமும் கொக்கி உட்காரும் இடமும் ஒத்துப்போக வேண்டும். மேகசின் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தால், முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் ஸ்லைடு அதைத் தொடாமல் மேலே கடந்துவிடும். ஏறி உட்கார்ந்தால் ஸ்லைடையே தடுக்கும். ஒரு பட்டறையின் மேகசின் இன்னொரு பட்டறையின் துப்பாக்கியில் வேலை செய்யாமல் போனது இப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கியின் உடற்சட்டகத்திலும் மேகசினிலும் இரண்டு எழுத்து முத்திரை குத்தி ஜோடி சேர்த்தார்கள். சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆனால் அளவு தவறியதை அது திருத்தவில்லை, அடையாளம் மட்டும் காட்டியது. சில பட்டறைகளில் எஃகைச் சரியாகப் பதப்படுத்தவில்லை. பாகங்கள் சீக்கிரம் தேய்ந்தன. உறையில் உரசி பாதுகாப்புத் தாழ் தானாக விடுபடுவது இன்னொரு தொல்லை. அதைத் தடுக்கப் பின்னாளில் ஸ்லைடில் ஒரு குமிழ் வைத்தார்கள்.

போர் முடிந்து ஆர்டர் வற்றியபோது கை சும்மா இருக்கவில்லை. துப்பாக்கித் தொழிலாளர்கள் 1920-இல் ஆல்ஃபா என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். முதலில் ரிவால்வர், பிறகு தையல் மெஷின். தையல் மெஷினிடம் அரத்தின் ஜம்பம் பலிக்காது. அதில் நூலைப் பிடிக்கும் கொக்கியின் முனைக்கும் ஊசிக்கும் இடையில் சுமார் 0.1 மி.மீ. இடைவெளிதான். அதைவிடக் கூடினால் தையல் விடும். குறைந்தால் ஊசி உடையும். உதிரிபாகம் எங்கேயோ ஒரு வீட்டில் மாற்றப்படும், அங்கே ராவ ஃபிட்டர் இல்லை. என் கணிப்பில் எய்பாருக்கு அளவுக்கட்டுப்பாட்டைத் திண்ணமாகப் பழக்கியது போர் அல்ல, இந்த மெஷின்தான். 1913-இல் தொடங்கிய துப்பாக்கிப் பள்ளி இதற்கான ஆட்களைத் தந்தது.

சைக்கிளுக்கு மாறுவது இன்னும் இயல்பாக இருந்தது. குழாயைத் துளைக்கவும் நேராக்கவும், இணைப்புகளைப் பித்தளை வைத்துப் பற்றவைக்கவும், நிக்கல் பூசவும் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருந்தன. 1840-இல் துப்பாக்கிக்காகத் தொடங்கிய ஓர்பெயாவும், 1909-இல் தொடங்கிய பே.ஹாச்சே என்ற பெய்ஸ்தெகி சகோதரர்களும் அப்படித்தான் சைக்கிளுக்கு வந்தார்கள். பள்ளத்தாக்கு இடம் கொடுக்காததால் பிற்காலத்தில் ஓர்பெயா பக்கத்து மல்லாபியாவுக்கும், பே.ஹாச்சே வித்தோரியாவுக்கும் நகர்ந்தன. துப்பாக்கிக் குழலைச் சோதித்து முத்திரையிடும் நிலையம் மட்டும் எய்பாரிலேயே இருக்கிறது. ஊரின் கால்பந்து அணியை இன்றும் 'துப்பாக்கிக் கொல்லர்கள்' என்றுதான் அழைக்கிறார்கள்.