பழைய லேப்டாப்பில் வைஃபை டிரைவர்

சிங்கப்பூர் தெம்பனிஸில் இருக்கும் மாமாவின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 புதிதாக ஏற்றியதும் வைஃபையே காணோம். டிரைவர் (வைஃபை கார்டை விண்டோஸோடு வேலை செய்ய வைக்கும் மென்பொருள்) இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இந்த நேரத்தில் கண்ட கண்ட டிரைவர் அப்டேட்டரைத் தயவுசெய்து போடாதீர்கள்.

விண்டோஸில் வன்பொருள் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்பதை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போனால் ‘VEN_’ என்பதை அடுத்து கார்டைச் செய்த நிறுவனத்தைக் காட்டும் நான்கு எழுத்து இருக்கும், 8086 என்றால் இன்டெல், 14E4 என்றால் பிராட்காம். அந்த ஐடியை வைத்துத் தேடுங்கள், மாடல் பெயரை மட்டும் நம்பினால் சரிவராது, ஒரே மாடலில் வேறு வேறு கார்டு இருக்கும்.

நெட்டுக்கு? ஆண்ட்ராய்டு போனை வயரில் செருகி யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் வசதி) போட்டால் பெரும்பாலும் வந்துவிடும், அப்புறம் விண்டோஸ் அப்டேட்டே டிரைவரைத் தேடிப் போட்டுவிடலாம். கார்டே செத்திருந்தால் சிம் லிம் ஸ்குவேரில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் கிடைக்கும்.