ஊர்வசியும் அம்மாவும்

நேற்று அம்மா கணவாய் மீன் சுத்தம் செய்துகொண்டே 'உள்ளொழுக்கு' என்ற மலையாளப் படம் பார்த்தார். உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த செல்போனில்தான். தொண்டியை விட்டு அதிகம் வெளியே போகாத அம்மாவுக்கு மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் வெள்ளம் வடியாமல், மகனின் உடலை அடக்கம் செய்ய முடியாமல் ஊர்வசி காத்திருக்கும் இடத்தில் அம்மாவின் கை நின்றுவிட்டது. கணவாயின் மை விரல் வழியாகத் தரையில் சொட்டியது. துடைக்கவே இல்லை.

எங்களுக்கு ஊர்வசி என்றால் 1983இல் வந்த 'முந்தானை முடிச்சு', அப்புறம் 1990இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' திருபுரசுந்தரி. அந்தப் பாலக்காட்டுத் தமிழுக்கு இன்றும் வீடே சிரிக்கும். அதே வருடம்தான் மலையாளத்தில் 'தலையணமந்திரம்' வந்து, கேரள அரசின் சிறந்த நடிகை விருதும் வாங்கினார். 1989, 90, 91 என்று தொடர்ந்து மூன்று வருடம் அந்த விருது அவருக்குத்தான். 'சூரரைப் போற்று' அம்மாவை மறந்தவர் யார்?

'உள்ளொழுக்கு' படத்துக்குக் கேரளம் சிறந்த நடிகை விருது தந்தது. தேசிய விருதோ துணை நடிகைக்கு. எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. அந்தப் படத்தைத் தாங்குவதே அவர்தானே!

படம் முடிந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "இந்தப் பொம்பள கடல்கரைக்காரியாப்பா? தண்ணியப் பாக்குற பார்வை நம்ம ஊர் மாதிரியே இருக்கு."