அமெர்ஸ்ட் கல்லூரியின் வகுப்பறையும் ஆடுகளமும்: வரலாற்று மாணவர்களுக்கு ஓர் அனுபவ வழிகாட்டல்

முதுகலையில் அமெரிக்க வரலாற்றுத் தாளைப் படித்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லூரி மாணவர்களின் விளையாட்டுக் கழகங்கள் என்ற பகுதிக்காக மாசசூசெட்ஸ் மாநிலத்து அமெர்ஸ்ட் கல்லூரியை மட்டும் ஆழமாகப் படித்தேன். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்று அனைத்தையும் மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, ஒரு கல்லூரியை நன்கு அறிந்துகொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவதே பயன் தரும் என்று இத்தாளைப் படிக்கும் எவருக்கும் உறுதியாகச் சொல்வேன்.

முதலில் பாடமுறையைப் படியுங்கள். விளையாட்டு அதன் பிறகு வரட்டும். அக்கால மாணவரின் நாள் காலை வழிபாட்டோடு தொடங்கியது. வகுப்பில் இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றில் குறித்துக் கொடுத்த பகுதியை எழுந்து நின்று ஒப்புவிக்க வேண்டும். ஆசிரியர் அதற்கு மதிப்பெண் இடுவார். மனத்தைப் பயிற்றுவதே கல்லூரியின் முதற்பணி என்று வாதிட்ட 1828ஆம் ஆண்டின் யேல் அறிக்கை இந்த முறைக்கு அரணாக நின்றது. எந்தப் பாடத்தைப் படிப்பது என்பதில்கூட மாணவருக்குப் பெரிதாக உரிமை இல்லாத அந்தச் சூழலில், அவர்களே விதி வகுத்து, பணம் திரட்டி, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து நடத்தியவை முதலில் இலக்கியச் சங்கங்கள், பின்னர் படகுக் கழகங்களும் பந்துக் கழகங்களும். கழகங்கள் ஏன் அவ்வளவு வேகமாக வளர்ந்தன என்ற வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

1852இல் வினிபெசாகி ஏரியில் ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் போட்டியே அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி. அதைக் குறிப்பிட்டுவிட்டு, 1859 ஜூலை 1 அன்று பிட்ஸ்ஃபீல்டு நகரில் அமெர்ஸ்டும் வில்லியம்ஸ் கல்லூரியும் ஆடிய பேஸ்பால் ஆட்டத்துக்கு வாருங்கள். நின்று படிக்க வேண்டிய இடம் அது. அணிக்குப் பதின்மூவர் ஆட, அமெர்ஸ்ட் 73க்கு 32 என்ற கணக்கில் வென்றது. அமெர்ஸ்டின் பந்து வீச்சாளர் மாணவரே அல்லர், கூலிக்கு அமர்த்திய கொல்லர் என்று வதந்தி கிளம்பியது. கல்லூரி விளையாட்டில் தகுதி பற்றிய சந்தேகம் அன்றே முளைத்துவிட்டது. மறுநாள் அதே இரு கல்லூரிகளும் சதுரங்கம் ஆடின. அதிலும் அமெர்ஸ்டே வென்றது. உள்ளூர் இதழ் இரண்டையும் சேர்த்து, உடல் வலிமையும் அறிவும் என்ற பொருள்பட ஒரே தலைப்பில் செய்தி வெளியிட்டது. படிப்பும் ஆட்டமும் பகையானவை என்று அம்மாணவர்கள் எண்ணவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை விடைத்தாளில் காட்ட முடியாது.

அடுத்து, கல்லூரி நிர்வாகம் என்ன செய்தது என்று பாருங்கள். மாணவரின் உடல்நலம் குறித்துக் கவலை கொண்ட அமெர்ஸ்ட் தலைவர் ஸ்டேர்ன்ஸின் காலத்தில், 1860இல் பாரெட் உடற்பயிற்சிக் கூடம் எழுந்தது. மறுஆண்டு உடற்கல்விப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற மருத்துவர் எட்வர்டு ஹிட்ச்காக், ஒவ்வொரு மாணவரின் உயரம், எடை, மார்பளவு ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்தார். வாரத்தில் நான்கு நாள், அரைமணி நேரம், பியானோ இசைக்கேற்ப மரத்தாலான எடைக்கட்டைகளைத் தூக்கி இறக்கும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. கழகம் மாணவருடையது, உடற்பயிற்சிக் கூடம் கல்லூரியுடையது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதும் விடை தனித்துத் தெரியும்.

ஆட்டங்கள் பெரிதாகிப் பயணமும் பணமும் கூடியபின் ஆசிரியர்கள் கழகங்களுக்குள்ளும் தலையிட்டார்கள். ஹார்வர்டு 1882இல் விளையாட்டுக்கென ஆசிரியர் குழுவை அமைத்தது அதன் அடையாளம். இதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, மிச்சமுள்ள நேரத்தில் 1866இலேயே பேஸ்பால் கழகங்கள் அமைத்த, அன்று மகளிர் கல்லூரியாக இருந்த வாசரை அமெர்ஸ்டோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுங்கள். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை.